கருவேலத்துக் காவடிப் புழு: எது எந்த மரத்தைத் தின்கிறது என்று உறுதிசெய்யும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிகளுக்குள் நிற்கும் கருவேலங்கிளையை மழைக்குப் பிறகு ஒரு தட்டு தட்டினால், முதுகை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப் புழு ஒன்றிரண்டாவது விழும். அது கியாஸ்மியா என்ற அந்துப்பூச்சிப் பேரினமாக இருக்கலாம், அல்லது அதற்கு நெருங்கிய உறவான இஸ்டூர்ஜியாவாக இருக்கலாம். இரண்டும் ஜியோமெட்ரிடே குடும்பம்தான். கியாஸ்மியா புழுக்கள் பெரும்பாலும் அவரைக் குடும்பத்து மரங்களில், குறிப்பாக வேல மரங்களிலும் வாகை வகையறாவிலும் வளர்கின்றன.

ஒரு உணவுச் செடிப் பதிவு கேள்விக்கு நிற்க வேண்டுமானால் மூன்று விஷயம் வேண்டும். மரம் எது என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது. புழு அந்த இலையைத் தின்றதைப் பார்த்திருக்க வேண்டும். அதே புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதைப் பற்றியே கவலைப்பட்டு முதலாவதில் சறுக்குகிறார்கள். அதனால் மரத்திலிருந்தே தொடங்குவோம்.

1. முதலில் மரம்

புழுவைப் பிடித்துவிட்டு மரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்தால் எல்லாமே பொடி இலையாகத்தான் தெரியும். நம் பக்கம் ஒரே ஏரிக்கரையில் நாலு வகை பொடியிலை மரம் கிளையோடு கிளை உரசிக்கொண்டு நிற்கும்.

கருவேலத்துக்குப் பட்டை கறுத்து வெடித்திருக்கும். முள் நேராக, வெளுப்பாக, நீளமாக, ஜோடி ஜோடியாக இலைக்காம்பின் அடியில் இருக்கும். பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடையில் இறுகி, மணி கோத்த மாதிரி, மேலே சாம்பல் பூத்திருக்கும். வெள்வேலத்துக்குப் பட்டையே வெளுப்பு. பூ இளமஞ்சள், சிறு சிறு உருண்டைகள் கிளை நுனியில் பெரிய கொத்தாக வரும். காய் மெல்லிய தட்டை, லேசாக வளைந்திருக்கும்.

சீமைக்கருவேலம் பெயரில்தான் கருவேலம், பேரினமே வேறு. பூ உருண்டையாக இருக்காது, விரல் போல நீண்ட கதிராக இருக்கும். சிற்றிலை கொஞ்சம் பெரியது, இடைவெளி விட்டு அமைந்திருக்கும். காய் வைக்கோல் நிறத்தில், சதைப்பற்றோடு, இனிக்கும். நம் ஊரில் அரப்பு என்று தலைக்குத் தேய்க்கும் மரம் உசிலை, வாகையின் தம்பி. அதற்கு முள் கிடையாது. கிளையில் முள் இல்லையென்றால் கருவேலம் என்று எழுதவே எழுதாதீர்கள்.

பூவோ காயோ இருக்கும் கிளை ஒன்றை வெட்டி, செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகம் அடுக்கி உலர்த்துங்கள். தாளைத் தினமும் மாற்றினால்தான் பூஞ்சணம் பிடிக்காது. நாளைக்கு யாராவது "இது கருவேலம்தானா?" என்று கேட்டால் காட்ட அந்தக் கிளை இருக்கும். வெறும் இலை போட்டோ பல நேரம் போதாது. சந்தேகம் இருந்தால் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர்களைக் கேளுங்கள். தொரட்டியால் காய் உலுக்கிப் போடுகிறவர்களுக்கு வெள்வேலமும் கருவேலமும் குழம்பாது.

இன்னொரு தொல்லை தாவரவியல் பெயர். முன்பு அக்கேசியா என்று இருந்த கருவேலமும் வெள்வேலமும் இப்போது வச்செல்லியா. கருங்காலி செனகாலியா ஆகிவிட்டது. அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே வைத்துக்கொள்வது என்று 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் முடிவாகி, 2011 மெல்போர்ன் மாநாட்டில் அது உறுதியானது. ஆகவே தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பூச்சிப் பதிவுகளில் பெரும்பகுதி இன்னும் பழைய பெயரில்தான் கிடக்கிறது.

2. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய வெள்ளை வேட்டி அல்லது வெளுத்த குடை. முழங்கை நீளக் குச்சி. தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை, ஏனென்றால் கருவேல முள் செருப்பையே துளைக்கும். சின்ன கத்தரி. ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ். மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், நிறைய. டிஷ்யூ பேப்பர், பென்சில், சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள், ஒரு பூதக்கண்ணாடி.

பென்சில் என்று சொன்னது வேண்டுமென்றேதான். டப்பாவுக்குள் ஈரம் கோத்தால் பேனா எழுத்து கலைந்துபோகும். மூடியில் எழுதுவதும் ஆபத்து, சுத்தம் செய்யும்போது மூடி மாறிவிடும். ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு எண் கொடுத்து, அதைக் காகிதத் துண்டில் எழுதி உள்ளேயே போடுங்கள்.

3. எங்கே போவது, எப்போது போவது

இளந்தளிர் வரும் காலம்தான் காலம். சித்திரை வைகாசிக் கோடை மழைக்குப் பிறகு கொஞ்சம், புரட்டாசி ஐப்பசி மழைக்குப் பிறகு நிறைய. மழை பெய்த மறுநாளே ஓட வேண்டாம். தளிர் விட்டு, தாய்ப்பூச்சி முட்டையிட்டு, புழு கண்ணுக்குத் தெரியும் அளவு வளர இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

சமூகக் காடுகள் திட்டத்தில் கருவேலம் நட்ட ஏரிகள், சாலையோரம், சொந்த நிலத்து வேலி, இவை போதும். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காப்புக்காடும் காவிரி வனவிலங்குச் சரணாலயங்களும் இருக்கின்றன. அங்கே அனுமதி இல்லாமல் ஒரு இலையைக் கூடப் பறிக்கக்கூடாது. யானை நடமாட்டமும் உண்டு. கற்றுக்கொள்ள வேண்டிய புழுவெல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கும்.

மாந்தோப்பை ஒட்டிய மரங்களைத் தவிர்த்துவிடுங்கள். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் மா பூக்கும் பருவத்தில் மருந்து அடிப்பார்கள். அது காற்றில் வந்து பக்கத்து வேலியில் படிந்திருக்கும். அந்த இலையைத் தின்ற புழு இரண்டே நாளில் சுருண்டுவிடும். நீங்கள் நோய் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

4. தட்டி இறக்குவது

வேட்டியைக் கிளைக்கு அடியில் விரித்து, கிளையைக் குச்சியால் சட்டென்று ஒரே தட்டு தட்டுங்கள். மெதுவாக உலுக்கினால் புழு உஷாராகிவிடும். இந்தப் புழு பின்கால்களால் காம்பைப் பற்றி, உடம்பை விறைப்பாக நீட்டிக் குச்சி மாதிரி நிற்கும். வாயிலிருந்து ஒரு நூல் கிளைக்கு ஓடியிருக்கும். லேசாக அசைத்தால் பிடியை இன்னும் இறுக்கும், இல்லையென்றால் நூலில் இறங்கித் தொங்கும். தொங்குவதைப் பிடிக்க அவசரப்பட வேண்டாம். கொஞ்சம் பொறுத்தால் முன்கால்களால் நூலைச் சுருட்டிச் சுருட்டித் தானே மேலே ஏறும். அப்போது இலையோடு சேர்த்து நறுக்கிக்கொள்ளலாம்.

விழுந்த புழுவை விரலால் கிள்ளி எடுக்காதீர்கள். பிரஷ்ஷை முன்னால் நீட்டினால் அதுவே ஏறிக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேட்டியில் விழுந்தது எந்தக் கிளையிலிருந்து விழுந்தது? மேலே இரண்டு மரம் பின்னிக்கொண்டிருந்தால் அந்தத் தட்டைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தபோதெல்லாம் கண்ணால் தேடி, இலையில் இருக்கும்போதே எடுப்பது இன்னும் நல்லது. சிற்றிலைகள் போய் நடுக்காம்பு மட்டும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள்.

5. கால்களை எண்ணுங்கள்

முதுகை வளைத்து நடப்பதெல்லாம் ஜியோமெட்ரிடே கிடையாது. ஆமணக்கில் வரும் காவடிப் புழுவை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அது வேறு குடும்பம். பூதக்கண்ணாடியில் மார்புக்கால் மூன்று ஜோடியைத் தள்ளிவிட்டு, பின்பகுதியில் உள்ள சதைக்கால்களை எண்ணுங்கள். ஜியோமெட்ரிடே என்றால் பொதுவாக இரண்டே ஜோடி, அதுவும் உடம்பின் கடைசியில். நடுவில் வெறுமை. அதற்கு மேல் இருந்தால் வேறு குடும்பம் என்று ஒதுக்கலாம். பொடிப் புழுக்கள் ஏமாற்றும், ஆகவே ஒருமுறை தோலுரித்த பிறகு திரும்ப எண்ணிப் பாருங்கள்.

இரண்டு ஜோடிதான் இருக்கிறது, ஆனால் கியாஸ்மியாவா? புழுவைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அஸ்கோடிஸ், ஹைபோசிட்ரா போன்ற பேரினங்களின் புழுக்களும் குச்சி வேஷம் போடும். அவை கண்டதையும் தின்னும் ரகம். ஒரே கூட்டத்தில் பச்சையும் பழுப்பும் கலந்திருப்பதும் சகஜம், நிறத்தை வைத்து இனம் பிரிக்காதீர்கள்.

6. டப்பாவில் வளர்ப்பது

ஒரு டப்பாவுக்கு ஒரு புழு. இதில் சமரசம் வேண்டாம். இரண்டு புழுவை ஒன்றாகப் போட்டு இரண்டு விதமான அந்துப்பூச்சி வந்தால், எந்தப் போட்டோ எந்தப் பூச்சிக்கு என்று சொல்ல வழியே இல்லை. ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றதும் போகும்.

அடியில் டிஷ்யூ பேப்பரை ஒரு மடிப்பு விரியுங்கள், ஈரத்தையும் எச்சத்தையும் அது வாங்கிக்கொள்ளும். மேலே ஒரு தளிர், முள்ளை நறுக்கிவிட்டு. மூடியில் துளை போட வேண்டியதில்லை. தினம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்தாலே சின்னப் புழுவுக்குக் காற்று போதும். துளை போட்டால் இலை சீக்கிரம் காயும், எறும்பும் வரும்.

வேல இலையின் தொந்தரவு என்னவென்றால், பறித்த கொஞ்ச நேரத்தில் சிற்றிலைகள் மூடிக்கொண்டு வதங்கத் தொடங்கும். சின்னப் புழுவால் மூடிய இலையைக் கடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். கிளையை வெட்டியவுடன் ஈரத்தாளில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, வீட்டில் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். கொடுக்கும் முன் வெளியே எடுத்து வைத்துக் குளிர்ச்சி போகட்டும், மேலே உள்ள நீர்த்துளியைத் துடைத்துவிடுங்கள். கிளையைத் தண்ணீரில் நிறுத்த நினைத்தால் மருந்துப் புட்டியில் நிறுத்தி வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். திறந்த தண்ணீரைப் புழு தேடிப் போய் விழும்.

பழைய இலையிலிருந்து புதிய இலைக்குப் புழுவைப் பிய்த்து மாற்றாதீர்கள். புதிய தளிரைத் தொடும்படி வைத்தால் தானே மாறும். சாப்பிடாமல், தலை வீங்கின மாதிரி, அசையாமல் இருந்தால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தொட்டால் பெரும்பாலும் செத்துவிடும்.

வளர்க்கும் அறையில் கொசுவத்திச் சுருள், கரன்ட்டில் சொருகும் கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே, பாச்சை உருண்டை எதுவும் கூடாது. கொசுவைக் கொல்கிற மருந்து புழுவையும் கொல்லும். நன்றாக இருந்த புழுக்கள் ஒரே ராத்திரியில் எல்லா டப்பாவிலும் செத்துக் கிடந்தால் முதலில் இதைத்தான் விசாரிப்பேன். வீட்டில் அம்மாவோ பாட்டியோ நல்லெண்ணத்தில் சுருளைக் கொளுத்தி வைத்திருப்பார்கள்.

எறும்புக்கு, டப்பாக்களை ஒரு தட்டில் அடுக்கி, தட்டைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தின் நடுவில் கவிழ்த்த டம்ளர் மேல் நிறுத்துங்கள்.

7. உண்மையிலேயே தின்கிறதா?

தினமும் இரண்டு தடயம் பாருங்கள். சிற்றிலையின் ஓரம் புதிதாகக் கடிபட்டிருக்க வேண்டும். டப்பா அடியில் புது எச்சம் விழுந்திருக்க வேண்டும். எச்சத்தைத் தினமும் அப்புறப்படுத்தினால்தான் இன்றையது எது என்று தெரியும். வந்த முதல் நாள் எச்சத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். வயிற்றில் ஏற்கெனவே இருந்தது அது, வேறு மரத்து இலையாகக் கூட இருக்கலாம்.

பக்கத்து மரத்து இலையையும் தின்னுமா என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பாருங்கள், ஆனால் தனியாகப் பதியுங்கள். அடைத்து வைத்துப் பசியில் கொடுத்தால், காட்டில் திரும்பிக்கூடப் பார்க்காத இலையைப் புழு தின்னும். காட்டில் இலையைத் தேர்ந்தெடுப்பது புழு கிடையாது, முட்டையிடும் தாய்.

இந்த வித்தியாசத்தில் பெரிய காரியமே அடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமித்து நிற்கும் முள்மரம் நம்முடைய கருவேலம்தான், இந்தியத் துணையினம். அதை அடக்க ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோன பூச்சிகளில் கியாஸ்மியா அசிமிலிஸ் ஒன்று. 1990களின் கடைசியிலிருந்து விட்டார்கள், கடலோரப் பகுதிகளில் நிலைத்தது. பின்னர் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருவேலத்தின் எதிரிப் பூச்சிகளைத் தேடியபோது பரிசீலனைக்கு எடுத்தவற்றில் இஸ்டூர்ஜியா டிஸ்புடேரியாவும் உண்டு. அப்படி ஒரு பூச்சியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் முன், அங்குள்ள சொந்த மரங்களைத் தின்னுமா என்று சோதிப்பார்கள். டப்பாவில் தின்பதையும் வெளியில் தின்பதையும் அங்கே ஒன்றாகப் போட்டுக் குழப்ப முடியாது. நம் குறிப்பேட்டிலும் கூடாது.

ஆகவே குறிப்பில் இரண்டு சொல் வேண்டும்: "மரத்தில் கண்டது", "டப்பாவில் கொடுத்தது". இரண்டாவதை வைத்து மட்டும் இதுதான் உணவு மரம் என்று எழுதாதீர்கள். பட்டினியால் ஒரு புழு செத்தாலும் அந்த மரத்தைத் தின்னாது என்று முடிவு கட்ட முடியாது. வளர்ந்த புழு இலை மாற்றத்தை மறுப்பது உண்டு.

8. மண் வைக்கும் நேரம்

வளர்ந்த புழு திடீரென்று சாப்பாட்டை விட்டுவிட்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றி வரும், உடம்பு சற்றுச் சுருங்கும். நோய் வந்துவிட்டது என்று புதியவர்கள் பதறி வேறு இலை போடுகிறார்கள். அதற்கு வேண்டியது மண். இந்தக் கூட்டத்துப் புழுக்கள் இறங்கி மண்ணிலோ சருகிலோ கூட்டுப்புழுவாகின்றன.

விரல் ஆழத்துக்கு மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து போடுங்கள். முன்கூட்டியே வாணலியில் சூடாக வறுத்து ஆறவைத்துவிட்டால் பூஞ்சணமும் சிலந்திப் பேன்களும் ஒழியும். ஈரம் எவ்வளவு? கையில் பிடித்தால் சேர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அதிகம் என்றால் அழுகும், குறைந்தால் பூச்சி இறக்கை விரியாமல் வெளியே வரும்.

உள்ளே போன பிறகு தோண்டிப் பார்க்காதீர்கள். ஆர்வம் புரிகிறது, ஆனால் புதிய கூடு மிக மென்மை. டப்பாவின் உட்சுவரில் ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் பூச்சி எதிலாவது ஏறித் தொங்கினால்தான் இறக்கை நீளும். வழவழ பிளாஸ்டிக்கில் ஏற முடியாமல் கசங்கிப்போகும். வெயில் காலத்தில் ஓரிரு வாரத்தில் வந்துவிடலாம். பனிக்காலத்திலும் வறட்சியிலும் இழுக்கும். வரவில்லை என்று தூக்கி எறியாதீர்கள்.

9. அந்துப்பூச்சிக்குப் பதில் வேறு ஏதாவது வந்தால்

புழுவின் பக்கத்தில் வெள்ளையாகச் சின்னக் கூடு, அல்லது மண்ணிலிருந்து ஒரு ஈ, ஒரு குளவி வரலாம். ஒட்டுண்ணி. இதைத் தோல்வி என்று கொட்டிவிடுகிறார்கள். அதே எண்ணோடு அதையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அந்தப் பதிவில் அந்துப்பூச்சியின் பெயர் வரக்கூடாது, "ஜியோமெட்ரிடே புழு" என்பதோடு நிறுத்த வேண்டும்.

10. பூச்சி வந்த பிறகு

இறக்கை விறைக்க சில மணி நேரம் விடுங்கள். பிறகு டப்பாவைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கி உட்காரும். மேல்பக்கம் ஒரு போட்டோ, அடிப்பக்கம் ஒரு போட்டோ. அடிப்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் பல பூச்சிகளுக்கு அடிப்பக்கத்துக் கோலம்தான் அழுத்தமாக இருக்கும். உணர்கொம்பையும் நெருக்கத்தில் எடுங்கள். இஸ்டூர்ஜியா ஆணுக்கு அது சீப்புப் பல் போல இருபுறமும் கிளைத்திருக்கும்.

போட்டோவை வைத்துப் பேரினம் வரை வரலாம். சிற்றினத்துக்குப் பல நேரம் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு மரத்திலிருந்தும் வந்தவற்றில் ஓரிரண்டையாவது ஃபிரீசரில் வைத்து, உலர்த்தி, எண்ணோடு சேமியுங்கள். மற்றதை மாலையில் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

பெயர் தேடும்போது கியாஸ்மியாவில் பலவும் பழைய நூல்களில் செமியோதிசா என்ற பேரினத்தில் இருக்கும். இஸ்டூர்ஜியா டிஸ்புடேரியாவோ டெஃப்ரினா என்ற பேரினத்தில் இருக்கும். பழைய பெயரில் தேடாமல் "இதுவரை யாரும் பதியவில்லை" என்று அறிவித்துவிடாதீர்கள்.

11. குறிப்பேடு

புழுவை டப்பாவில் போட்ட அன்றைக்கே ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்றால் எழுத மாட்டீர்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

எண். தேதி. பாலக்கோடு வட்டம், ஏரியின் பெயர், கரையின் எந்தப் பக்கம். கருவேலம், பூவோடு, உலர்கிளை எண். தளிரில், கண்ணால் கண்டு எடுத்தது. சதைக்கால் இரண்டு ஜோடி. மறுநாள் முதல் கருவேலம் மட்டும் கொடுத்தது, புதுக் கடியும் எச்சமும் உண்டு. சாப்பாட்டை நிறுத்திய தேதி. மண்ணுக்குள் போன தேதி. பூச்சி வந்த தேதி, ஆணா பெண்ணா. மேல், அடி போட்டோ எண்கள். பூச்சி ஃபிரீசரில். பெயர்: கியாஸ்மியா, சிற்றினம் பார்க்க வேண்டும்.